அறுத்து அனுப்பாதீர்கள்

என் கணவரிடம் எனக்குப் பிடிக்காத குணங்களை எழுதச் சொன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. அதன் முதல் பக்கத்தில் இருப்பது இது: அறுத்து எடுத்த உறுப்பை அப்படியே ஜாடியில் போட்டு அனுப்ப அவருக்குக் கை வராது. ஒரு கீறல் கீறி, உள்ளே எட்டிப் பார்த்து, ஆசை தீர்ந்த பிறகுதான் அனுப்புவார். அவர் அறுவை சிகிச்சை டாக்டர். நான் அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மேலே அறுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதித் தருகிற டாக்டர். ஆபரேஷன் தியேட்டர் கதவில் நானே கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'அறுத்து அனுப்பாதீர்கள். அறுக்க எங்களுக்கும் தெரியும்.' அதற்குக் கீழே யாரோ ஒரு சிரித்த முகம் வரைந்து வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவர்தான்.

கீறினால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்பார். உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் முழுகாது. வீங்கிப்போன குடல்வால் வாரத்துக்கு நாலைந்து என் மேசைக்கு வருகிறது. கீறியிருந்தாலும் வீக்கம் வீக்கம்தான். ஓரம் சுருண்டுபோய் எது உள், எது வெளி என்று பார்ப்பதற்குள் எனக்குப் பிராணன் போகும், அவ்வளவுதான். போனில் நாலு வார்த்தை திட்டுவேன். சாயந்திரம் அவரே டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். நானும் ஊதி ஊதிக் குடித்துவிட்டு மன்னித்துவிடுவேன். முப்பது வருஷமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, வாலுவின் குடல்வால் என் மேசைக்கு வரும்வரை.

வாலு என் நாத்தனார், இவருடைய ஒரே தங்கை. வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அது ரேஷன் கார்டு மாதிரி காகிதங்களுக்கு மட்டும். நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. வந்த முதல் வாரமே என் மைக்ராஸ்கோப்பின் லென்ஸைக் கழற்றி எறும்புக்கு மீசை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. இப்போது அவளுக்கு நாற்பத்து நாலு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை செய்கிறாள். தெருமுனையில் அவள் குரல் கேட்டால் ஹாரன் அடிக்க வேண்டிய அவசியமே இருக்காது. கல்யாணம் வேண்டாம் என்றாள், நாங்களும் விட்டுவிட்டோம். மாடியில் குடியிருக்கிறாள், சாப்பாடு கீழே, அதில் உப்பு குறை என்று சொல்வதும் கீழே. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக உட்கார்ந்து வருத்தப்பட எனக்கு நேரமே கிடைத்ததில்லை, வாலு விட்டால்தானே.

அவளுக்கு வயிற்று வலி மூன்று நாளாக இருந்திருக்கிறது. எங்களிடம் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் இரண்டு டாக்டர்கள் இருந்தால் இதுதான் கதி. நாலாம் நாள் காலை மாடிப்படியில் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்துவிட்டேன். சோபாவில் படுக்கப் போட்டு வலது அடிவயிற்றை அழுத்தினேன்.

"அண்ணி, அழுத்துறதுக்கு முன்னாடி சொல்லணும்" என்று பல்லைக் கடித்தாள்.

"மூணு நாளா நீ சொன்னியா?"

ஸ்கேனில் குடல்வால் தடித்திருப்பது தெரிந்தது. சொந்தத் தங்கைக்கு இவர் கத்தி எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆஸ்பத்திரியின் இன்னொரு சர்ஜன் லீவில் இருந்தார். வாலுவும் பிடிவாதமாக இருந்தாள். "வேற யாராவது தொட்டா எனக்குக் கூசும். அண்ணன்னா திட்டிக்கிட்டே படுத்துக்குவேன்." தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கி, "அண்ணா, அந்த ஆரஞ்சு விதை உள்ள இருந்தா பத்திரமா எடுத்து வை" என்றாள்.

அது பழைய கதை. ஏழு வயதில் ஆரஞ்சு விதை ஒன்றை விழுங்கிவிட்டு இவரிடம் சொல்லியிருக்கிறாள். இவர் பெரிய மனிதர் தோரணையில், அது குடல்வாலில் போய் உட்கார்ந்து முளைக்கும், காது வழியாகக் கிளை வரும் என்று சொல்லிவைத்திருக்கிறார். ஒரு வாரம் அந்தக் குழந்தை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்ததாம். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி இரண்டும் சிரிக்கும். நான் அந்தச் சிரிப்பில் பாதியில் வந்து சேர்ந்தவள், ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது, அவள் நன்றாக இருக்கிறாள் என்று மேலேயிருந்து போன் வந்தது. மத்தியானம் ஜாடியும் வந்தது. எங்கள் டெக்னீஷியன்தான் மூடியைத் திறந்தார். அவரை எல்லோரும் ரிப்பன் என்போம். மெழுகில் பதித்த சதைத் துண்டை அவர் கருவியில் வைத்துச் சீவினால், தலைமுடியைவிட மெல்லிய சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன் மாதிரி இறங்கும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், யாருக்கும் அவசரப்படாதவர்.

"மேடம், சார் மறுபடியும் கைவரிசையைக் காட்டிட்டார்" என்றார்.

திட்டுவதற்கான வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே தட்டைப் பார்த்தேன். பார்த்ததும் அத்தனை வார்த்தையும் மறந்துபோனது. சுண்டுவிரல் பருமன் இருக்க வேண்டிய குடல்வால் கட்டைவிரலைவிடப் பருத்திருந்தது. அடியிலிருந்து நுனிவரை நீளமாக ஒரு கீறல். கீறலின் வழியே ஜெல்லி வழிந்திருந்தது. சீழ் இல்லை, ரத்தம் இல்லை, கண்ணாடி போலப் பளபளக்கும் ஜெல்லி. துடைத்துப் பார்த்திருக்கிறார்கள், துடைத்ததில் வெளிப்புறம் முழுக்க அப்பிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருஷத்தில் இதை நான் ஏழு தடவை பார்த்திருக்கிறேன். குடல்வாலின் உட்சுவரில் இருக்கிற, சளி சுரக்கும் அணுக்கள் தறிகெட்டுப் பெருகுவதால் வருகிற அபூர்வக் கட்டி. மெதுவானது. குடல்வாலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்வரை பரம சாது. முழுதாக எடுத்துவிட்டால் அந்தக் குடல்வாலின் சொந்தக்காரர் தையலைப் பிரித்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். ஆனால் உள்ளே இருக்கும்போதே வெடித்து வயிற்றில் சிந்தியிருந்தால், சிந்திய இடத்திலெல்லாம் அந்த அணுக்கள் ஒட்டிக்கொள்ளும். சத்தம் போடாமல் அங்கேயே சுரக்கும். அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ கழித்து வயிறு நிறைய ஜெல்லியோடு வந்து நிற்பார்கள். குடல் ஒன்றோடொன்று ஒட்டி, சாப்பாடு இறங்காமல். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள். அவர்களைப் பற்றி நான் வீட்டில் பேசியதில்லை.

ஆக என் முன்னால் ஒரே கேள்விதான். இந்த ஜெல்லி வாலுவின் வயிற்றுக்குள்ளேயே வெளியே வந்ததா, இல்லை இவர் மேசைமேல் கீறியபோது வழிந்ததா? கீறாமல் அனுப்பியிருந்தால் வெளிப்புறத்தைக் கண்ணால் பார்த்தே பாதி சொல்லியிருப்பேன். இப்போது எல்லா இடத்திலும் ஜெல்லி.

போனை எடுத்தேன். "கீழ வாங்க."

"வார்டுல இருக்கேன். வாலு முழிச்சுட்டா, தண்ணி கேட்டு நர்ஸை மிரட்டிக்கிட்டு இருக்கா."

"கீழ வாங்க."

சிரித்துக்கொண்டேதான் வந்தார். கையில் போன், அதில் கீறிய குடல்வாலின் படம். "விதை இல்லை பாரு. அவகிட்ட காட்டினா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நல்ல சர்ஜன்தான், அதை நான் எங்கேயும் மறுத்துப் பேசியதில்லை, அவர் முன்னால் தவிர.

"ஜெல்லி வந்தப்பவே தோணலையா?"

"சீழ்னு நினைச்சேன்." தட்டை இன்னொரு தடவை பார்த்தார். "தோணிச்சு. தோண வேண்டாம்னு நினைச்சுட்டேன்."

"வயித்துக்குள்ள என்ன பாத்தீங்க?"

"இடுப்புப் பக்கம் கொஞ்சம் தண்ணி நின்னுச்சு. உறிஞ்சி எடுத்துட்டேன்."

"டெஸ்டுக்கு அனுப்பினீங்களா?"

கையிலிருந்த போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"கீறுறதுக்கு முன்னாடி வெளிப்பக்கம் எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

"பளபளன்னு இருந்த மாதிரிதான் ஞாபகம். நுனியில கொழுப்பு ஒட்டியிருந்துச்சு. சரியா பாக்கலை. விதையைப் பாக்கணும்னு ஒரு அவசரம். எனக்கு அப்போ சிரிப்பு தாங்கலை."

பிடி பிடி என்று பிடித்துக்கொண்டேன். வருஷக்கணக்காகத் தலைபாடாக அடித்துக்கொண்டதை, கதவில் எழுதி ஒட்டியதை, அவர் வரைந்த சிரித்த முகத்தை, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். ரிப்பன் ஏதோ பாட்டிலைத் தேடுவது போல நடையில் போய் நின்றுகொண்டார். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் இவர் இரண்டு சொல்வார். அன்றைக்குத் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நானே நிறுத்திவிட்டேன்.

வழி ஒன்று இருந்தது. உடம்புக்குள் எது சிந்தினாலும் உடம்பு சும்மா இருக்காது. துடைக்க ஆள் அனுப்பும். வெள்ளணுக்கள் வரும், மயிரிழை போலப் புது ரத்தக் குழாய்கள் முளைத்துவரும், காயம் ஆறுகிற அடையாளம் தெரியும். மேசைமேல் சிந்தியதைத் துடைக்க யாரும் வர மாட்டார்கள். எடுத்துப் போட்ட சதைக்கு அந்த உயிர் கிடையாது. வெளிப்புறத்தில் இருக்கும் ஜெல்லி வெறுமனே ஒட்டிக்கொண்டு நின்றால் இவர் கீறியதால் வந்தது. அதைச் சுற்றி உடம்பு வேலை செய்திருந்தால் அது முன்பே வெடித்தது. ஒரு துண்டு விடாமல் பார்த்தால் தெரிந்துவிடும்.

மைக்ராஸ்கோப்பில் அடையாளம் தெரிய வெளிப்புறத்துக்கு மை பூசி, குறுக்காக இருபத்திரண்டு துண்டு போட்டேன். நுனித் துண்டுதான் கடைசி, கொழுப்போடு சேர்ந்தது. மறுநாள் மத்தியானம் ஸ்லைடுகள் தயாராயின. இவர் ஆபரேஷன்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கீழே வந்தார். எங்கள் மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம். மாணவர்களுக்காக வாங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் அதில் குனிந்தது அதுதான் முதல் தடவை.

முதலில் அடிப்பகுதி. குடலோடு ஒட்டியிருந்த வெட்டுமுனையில் கட்டி இல்லை. சரி. இரண்டாவது ஸ்லைடு. வெளியே ஜெல்லி இருக்கிறது, சுற்றிலும் ஒரு அணுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"நான் கீறினதுதான்" என்றார்.

மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. ஜெல்லி சுவரின்மேல் வெறுமனே ஒட்டிக் கிடந்தது.

"நான்தான். இதுவும் நான்தான்."

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பானது. தான் செய்த தப்பு நிரூபணமாக வேண்டும் என்று தவம் கிடக்கும் மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் அதே வேண்டுதல்தான். இத்தனை வருஷமாக அவர் தப்பைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தேன், ஆனால் அது தப்பாகவே இருக்கட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது அன்றைக்குத்தான். பதினைந்தாவது ஸ்லைடில் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். "உங்களை மாதிரி ஒரு அரைவேக்காடு சர்ஜனை எங்கயும் பாக்க முடியாது" என்றேன். "ஆமாம் ஆமாம்" என்றார் சந்தோஷமாக.

இருபத்தொன்றும் சுத்தம். கடைசி ஸ்லைடு சரியாக வரவில்லை. கொழுப்பைச் சீவுவது ரிப்பனுக்கே கஷ்டம், சீவல் மடிந்திருந்தது. குடல்வால் சுவரில் பாதிதான் தெரிந்தது. மடிப்புக்குள் ஒரு தீற்றல் ஜெல்லி. அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. இருபத்தொன்று சொன்னதைத்தானே இதுவும் சொல்லப்போகிறது.

"போதும்" என்றார் இவர். "எழுதிடு. என் மேலதான் தப்புன்னு எழுது. 'சர்ஜன் கீறியதால் வழிந்தது'ன்னு பட்டவர்த்தனமா எழுது. எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

நான் பேனாவை எடுத்தேன். இதை மறைக்க மாட்டேன். தேதி போட்டு, வாலுவின் காகிதப் பெயரை எழுதி, முதல் வரியையும் எழுதிவிட்டேன். அந்த ஒரு ஸ்லைடு மடிந்திருந்ததை யாரும் கேட்கப்போவதில்லை. ரிப்போர்ட்டை மேலே அனுப்பினால் வாலு நாளைக்கே வீட்டுக்கு வந்து உப்பு குறை என்று சொல்வாள். இரண்டாவது வரியைத் தொடங்கும்போது என் கை நின்றது.

"ரிப்பன் சார், கடைசித் துண்டை ஐஸ்ல வெச்சு இன்னும் கொஞ்சம் ஆழமா சீவிப் பாருங்க."

"எதுக்கு?" என்றார் இவர். நான் பேனாவை மூடி வைத்தேன். "ஏம்மா, எதுக்கு?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

ரிப்பன் தன் பாட்டுக்கு வேலை செய்தார். மெழுகுத் துண்டை ஐஸ் கட்டிமேல் வைத்தார், குளிரும்வரை காத்திருந்தார், சீவினார். முதல் சீவல் கிழிந்தது, அடுத்ததும் கிழிந்தது. புது பிளேடு மாற்றினார். நாலாவது சீவல் மடிப்பில்லாமல் இறங்கியபோது அவருக்கே ஒரு திருப்தி, வழக்கமாகப் போடும் சின்ன விசிலை மட்டும் போடவில்லை. சாயம் ஏற்றிக் கொண்டுவந்து கொடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. இவர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

சுவர் ஒரு இடத்தில் காகிதமாக மெலிந்து, அப்புறம் இல்லவே இல்லை. அந்த ஓட்டை வழியே ஜெல்லி கொழுப்புக்குள் புகுந்திருந்தது. அதைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்கள், துடைக்க வந்த அணுக்கள், அவற்றின் வயிற்றில் பழைய ரத்தத்தின் துருநிறம். வெடித்துச் சில வாரமாவது ஆகியிருக்கும். ஜெல்லியின் நடுவே கட்டியின் அணுக்கள் நாலைந்து ஒன்றாகக் கைகோத்து மிதந்தன. இவர் கீறல் அந்தப் பக்கம் வரவே இல்லை.

கண்ணை எடுத்து எதிரே பார்த்தேன். அவர் இன்னும் குனிந்தே இருந்தார். பார்த்துவிட்டார் என்று தெரியும், நிமிர்ந்தால் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று குனிந்திருந்தார்.

"உங்க மேல தப்பு இல்லைங்க" என்றேன்.

ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். நான் எழுந்துபோய் அவர் தலையை என் வெள்ளைக் கோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ரிப்பன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். ஸ்லைடுகளை வேறு ஊரில் இருக்கும் என் வகுப்புத் தோழிக்கு அனுப்பினேன், சொந்த வீட்டு விஷயத்தில் என் கண்ணை நானே நம்பக் கூடாது. அவளும் அதையேதான் சொன்னாள்.

வாலுவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கார் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட நர்ஸ் ஒருத்திக்குத் தலையணையை ஸ்டியரிங்காக வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நர்ஸ் போனதும், "அண்ணன் எதுக்குக் கதவுக்கு வெளியில நிக்கறான்?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, ஜெல்லி, அணுக்கள், ஒன்றையும் விடவில்லை. ஸ்டியரிங்காக இருந்த தலையணையை வாலு மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"செத்துடுவேனா? பூசி மெழுகாம சொல்லுங்க அண்ணி."

"தெரியாது. பெரிய ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. இதுக்குன்னே இருக்கற சர்ஜன் செய்வாங்க. வயித்துக்குள்ள எங்கெல்லாம் ஒட்டியிருக்கோ அதையெல்லாம் சுரண்டி எடுத்துட்டு, சூடான மருந்தை ஊத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல அலசுவாங்க. சினைப்பை ரெண்டும் போகலாம்."

"அது போனா போகட்டும். பிரிச்சே பாக்காத சாமான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் எங்கேயோ இடறிவிட்டது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். போர்வை குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "அண்ணனை உள்ள வரச் சொல்லுங்க, பாவம், கால் வலிக்கும்" என்று குரல் வந்தது.

அந்த ஆபரேஷனைச் செய்யும் பெரிய ஆஸ்பத்திரியின் சர்ஜன் ஒரு அம்மா. எண்ணி எண்ணித்தான் வார்த்தையை எடுப்பார். புது ஸ்கேன் எடுத்துப் பார்த்தார், அதில் ஒன்றுமே தெரியவில்லை. என் ஸ்லைடை மறுபடி பார்த்தார். "ஸ்கேன் சொல்றதை நான் நம்பலை, ஸ்லைடு சொல்றதை நம்பறேன். கேமரா விட்டுப் பாத்துடுவோம். இருந்தா அப்பவே எடுத்துடுவோம்" என்றார். ஆறு வாரம் கழித்து நாள் குறித்தார்கள். அந்த ஆறு வாரமும் வாலு வேலைக்குப் போனாள். கற்றுக்கொள்ள வந்தவர்களை முன்னைவிட அதிகமாகத் திட்டினாள். சாப்பாட்டில் உப்பு குறை என்று மட்டும் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று நடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இவருக்குத் தியேட்டர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பழக்கமே இல்லை. காலை எட்டு மணிக்கு உள்ளே போனாள். ஒன்பது மணிக்கு ஒரு நர்ஸ் வந்து, கேமராவில் இடுப்புப் பகுதியில் புள்ளி புள்ளியாக ஜெல்லி தெரிகிறது, வயிற்றைத் திறக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் இவர் கதவைத் திறந்துகொண்டு வருகிறவர்களையெல்லாம் மறித்தார். துடைக்க வந்தவரிடம்கூட, உள்ளே எப்படிப் போகிறது என்று கேட்டார். அவர் பாவம், தரை இன்னும் காயவில்லை சார் என்றார்.

மூன்றரை மணிக்கு அந்த அம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கேட்பதற்கு இவரிடம் நூறு கேள்விகள் இருந்திருக்க வேண்டும், எங்கெங்கே எடுத்தீர்கள், எவ்வளவு ரத்தம் போனது, என்ன மருந்து, எத்தனை டிகிரி என்று. முப்பது வருஷ சர்ஜன் அதெல்லாம் மறந்து, "என் தங்கச்சி பொழைச்சுக்குவாளா?" என்றார். எந்த டாக்டரும் பதில் சொல்ல விரும்பாத கேள்வி அது. இவரே எத்தனை பேரிடம் இதற்குக் கழுத்தைத் தடவிக்கொண்டு நழுவியிருப்பார்.

அந்த அம்மா நழுவவில்லை. "கண்ணுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் எடுத்தாச்சு. கொஞ்சம்தான் இருந்துச்சு, ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம். வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும். பொழைச்சுக்குவாங்கன்னுதான் நான் நினைக்கறேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஸ்கேனை மட்டும் கொண்டு வந்திருந்தா, ஒண்ணும் இல்லைன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். அஞ்சாறு வருஷம் கழிச்சு வயிறு பெருத்து வந்திருப்பாங்க. அப்போ என்னால இவ்வளவு செஞ்சிருக்க முடியாது. இருபத்தொண்ணு சுத்தமா இருந்தும் கடைசித் துண்டை எதுக்குத் திரும்ப வெட்டினீங்க?"

"ஸ்லைடு மடிஞ்சிருந்துச்சு. எல்லாத்தையும் பாக்கறதுதான் முறை" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் மட்டும் போகலாம் என்றார்கள். இவர் என்னைப் பிடித்து முன்னே தள்ளிவிட்டார். வாலு குழாய்களுக்கு நடுவே படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன்.

"அண்ணி." குரல் தேய்ந்துபோய் வந்தது.

"பேசாதே. தொண்டை வலிக்கும்."

"அண்ணன் முன்னாடியே எல்லாத்தையும் சொன்னான். நீங்க எழுத ஆரம்பிச்சுட்டீங்களாமே. அவன் மேல தப்புன்னு. அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க?"

அந்த அம்மாவிடம் சொன்ன பதிலையே இவளிடமும் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

"எழுதிடணும்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சு" என்றேன். "எல்லாம் என் ஆசைப்படியே தெரியற மாதிரி இருந்துச்சு. அப்படி ஆசையோட பாக்கற கண்ணை நம்பக் கூடாதுன்னு பயம் வந்துடுச்சு."

வாலு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அத்தனை மயக்க மருந்துக்கும் அந்தப் பார்வையில் குறும்பு அப்படியே இருந்தது. "என் மேலயா அவ்வளவு ஆசை?"

முப்பது வருஷமாக அந்தப் பெண்ணிடம் நான் இதைச் சொன்னதில்லை. லென்ஸைத் திருடியதற்குத் திட்டினேன், மார்க்குக்குத் திட்டினேன், மாடியில் விளக்கை அணைக்காததற்குத் திட்டினேன், திட்டிக்கொண்டே தலைவாரி விட்டேன், காய்ச்சலில் கூடவே படுத்தேன். இதை மட்டும் சொல்லவில்லை.

"ஆமாம்" என்றேன். "உன் மேலதான். உயிரையே வெச்சிருக்கேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி. சரியா காதுல விழலை."

காதெல்லாம் அவளுக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் நான் இன்னொரு தடவை சொன்னேன்.